ஆடியோ குரூப்பில் இல்லாதவன்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கொட்டிய மழைக்குத் தப்பி, மாடிப்படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறிய ரித்திக், இறங்கி வந்த ஒரு குடையின் மேல் நேராகப் போய் மோதினான். குடைக்குப் பின்னால் மை தீட்டிய இரண்டு கண்கள்... கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாமல் அவனைப் பார்த்தன.

"பாத்து வரலாம்லா."

"படியில யாருங்க குடையை விரிப்பாங்க?"

"மழையில போறவங்க," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ரித்திக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

மேலே ஒத்திகை அறை. வசந்தகுமாரியின் இசைக்குழுவில் கீபோர்டுக்கு ஒரே ஒரு இடம் காலி. நான்கு மணிக்கு அவர் வந்து கேட்பார், பிடித்தால்தான் உண்டு. மூன்று வருடமாக ரித்திக் ஏங்கிய இடம் அது. ஆனால் அவன் கீபோர்டின் ஒலி லேப்டாப் வழியாகத்தான் வரும்; அதில் போன வாரம்தான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தான். கீபோர்டை இணைத்துக் கட்டையைத் தொட்டால், எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி படபடவென்று சத்தம் உடைந்தது.

"லினக்ஸா? தள்ளுங்க, பாக்கறேன்."

குடைக்காரிதான். கையில் நுரைக்க ஆற்றிய தே தாரிக் தேநீர்ப் பொட்டலம். பெயர் மயூரா, குழுவின் சவுண்டு முழுக்க அவள் பொறுப்பு.

"வேணாம், நானே பாத்துக்கறேன்," என்றான் வீறாப்பாக. வயரை மூன்று முறை மாற்றினான். நான்கு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டான்.

கறுப்புத் திரையில் அவள் விரல்கள் ஓடின. எந்தத் தடுமாற்றமும் இல்லை, எதையும் இரண்டாம் முறை தட்டவில்லை. என்ன அழகாக வேலை செய்கிறாள்... அவன் தன் பயத்தைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வயர் நல்லாத்தான் இருக்கு. கீபோர்டுலேர்ந்து மிடி சிக்னலும் ஒழுங்கா வருது." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நீங்க குரூப்லயே இல்ல. வெளிய போயிட்டு வாங்க."

போயிட்டு வாங்க... வாசிக்கும் முன்பே வழியனுப்பிவிட்டாளே. ரித்திக்கின் முகம் சிவந்தது. பேசாமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

கீழே நடைபாதை முடியும் இடத்தில், மூச்சு வாங்க ஓடிவந்து அவள் மறித்தாள். இப்போது குடை இல்லை.

"எங்க போறீங்க?"

"நீங்கதானே போகச் சொன்னீங்க."

ஒரு கணம் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கம்ப்யூட்டரை விட்டு வெளிய போகச் சொன்னேன்... லாக் அவுட். லினக்ஸ்ல ஆடியோன்னு ஒரு குரூப் இருக்கு. அதுல உங்க பேர் இருந்தாத்தான் சத்தம் உடையாம வரும். உங்க பேரைச் சேத்துட்டேன். லாக் அவுட் பண்ணி மறுபடி உள்ள வந்தா போதும்."

வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் நனைந்த தலையோடு அவள் பின்னாலேயே படியேறி, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தான்.

சரியாக நான்கு மணிக்கு வசந்தகுமாரி வந்து உட்கார்ந்தார். ரித்திக் வாசித்தான். ஒலி பளிங்கு மாதிரி சுத்தமாக வந்தது. பல்லவி முடிந்து நிமிர்ந்தான். மயூரா கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நனைந்த இமைகள்... அவன் விரல்கள் நின்றுவிட்டன.

வசந்தகுமாரி புருவத்தை உயர்த்தினார். "என்ன தம்பி, மெஷின் கோளாறா? அப்படின்னா இன்னொரு நாள் வாசிக்கலாம். கோளாறு இல்லைன்னா... மேடையில பாதியில நின்னுபோற கை எனக்கு வேணாம்."

மயூராவின் முகம் வெளுத்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பிக்கலாம். ஆனால் பழி அவள் வேலையின் மேல் விழும்.

"இல்ல மேடம். அவங்க சரி பண்ணினதுல ஒரு குறையும் இல்ல. தப்பு என் மேலதான்." "அவங்களைப் பாத்தேன்... வாசிக்கறது மறந்துபோச்சு. படியில பாத்ததுலேர்ந்து இப்படித்தான் இருக்கு."

வசந்தகுமாரி அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல்லேர்ந்து வாசி," என்றார் கடைசியில். "இந்தத் தடவை அவ பக்கம் திரும்பாதே."

"பரவால்ல மேடம்," என்றாள் மயூரா மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு. "பாக்கட்டும்."