நூற்று இருபதாவது ஆள்

நல்லகாமன் என்று ஓர் ஆள் கிடையவே கிடையாது. போன வருஷம் சித்திரை வெயிலில், சோழவந்தான் பேருந்து நிலையத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வடையைப் பிட்டுத் தின்றுகொண்டே செல்வக்குமார்தான் அவனை உண்டாக்கினான். அந்த நல்லகாமன் இப்போது கம்ப்யூட்டர் திரையில், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வேறு யாரோ எழுதிய ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தான்.

செல்வக்குமார் மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துபவன். சோழவந்தான் வெற்றிலை விவசாயிகளின் குடும்ப நிலை பற்றி ஆய்வு. நூற்று இருபது வீட்டுக்கு ஏறி இறங்கி, வீட்டுக்கு ஆறு பக்கம் படிவம் நிரப்ப வேண்டும். நூற்றுப் பத்தொன்பதை ஒழுங்காகத்தான் முடித்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசி வீட்டுக்காரர் படிவத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆள் ஒன்று குறைந்தது, தானே ஒன்றை எழுதிக்கொண்டான். ஆய்வு மாணவர் கூட்டத்தில் இதையெல்லாம் யாரும் பாவம் என்றே நினைப்பதில்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து, பேனாவை மாற்றி மாற்றி, நூறு படிவத்தையும் ஒரே ராத்திரியில் நிரப்பிய மகராசன்கள் இன்று துறைத்தலைவர்களாக இருக்கிறார்கள்.

வயது அறுபத்தொன்று என்று போட்டான். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. இருபத்திரண்டு சென்ட் வெற்றிலைக் கொடிக்கால், கொம்பொடிந்த ஒரு பசு. முகவரி கிழக்குக் கொடிக்கால் சந்து. அப்படி ஒரு சந்து அந்த ஊரில் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் எழுதினான். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ‘ஒருவர்’. கடைசியில், அரசிடமிருந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு மற்ற எல்லோரும் தண்ணீர் என்றும் கடன் என்றும் சொல்லியிருக்க, இவன் வேடிக்கையாக ‘வீட்டில் ஆள் வேண்டும்’ என்று எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டான்.

நாளைக் காலை பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஜூனில் வீட்டுக்குப் போகலாம் என்று நிர்வாகம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால்தான் சோழவந்தானில் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு மனைவி பாண்டீஸ்வரியையும் ஆறு வயது மகளையும் காலையிலேயே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, சமயநல்லூர் வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாக இருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நெறியாளர் உக்கிரபாண்டி போன் செய்தார்.

“ஏப்பா செல்வம், நாளைக்கு வர்ற எக்ஸ்டர்னல் ஒரு வில்லங்கம் பிடிச்ச மனுசன். பழைய தீசிஸ் பூராத்தையும் இப்ப நெட்டுல ஏத்திட்டான்ல, அதுல ஒரு வரி ஒத்துப்போனாலும் பிடிச்சுத் தொங்குவாரு. நீயே ஒருக்காத் தேடிப் பாத்துரு.”

தேடினான். ‘சோழவந்தான்’ என்று ஆங்கிலத்தில் அடித்ததும் எந்தெந்தத் துறையிலிருந்தெல்லாமோ வந்து விழுந்தன. கிணற்று நீரைப் பற்றிப் புவியியல்காரர் ஒருவர், பசுக்களின் மடிநோயைப் பற்றிக் கால்நடை மருத்துவர் ஒருவர், வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி மனையியல்காரி ஒருத்தி, பழைய வீடுகளின் அமைப்பைப் பற்றிக் கட்டிடப் பொறியாளர் ஒருவர். ஒன்றுக்கும் இவன் தலைப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நிம்மதியாகப் போயிற்று. சும்மாதான் முதலாவதைத் திறந்தான், கிரிதரன் என்பவர் தொண்ணூற்றொன்றில் எழுதியது. கடைசிப் பக்கத்தில் கிணற்றுக்காரர்களின் பட்டியல். எண்பது பேர். எண்பதாவது ஆள் நல்லகாமன்.

ஊரில் அந்தப் பெயரில் நாலு பேர் இருக்க மாட்டார்களா என்று நினைத்தான். பிறகு வயதைப் பார்த்தான். அறுபத்தொன்று. இருபத்திரண்டு சென்ட். கிழக்குக் கொடிக்கால் சந்து. குடும்பத்தில் ஒருவர்.

மேலே மின்விசிறி கடக்கடக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது, தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போய்ச் சத்தம் தேய்ந்து மறைந்தது, ஜன்னல் வழியே வந்த அனல் காற்றில் எங்கிருந்தோ பச்சை வெற்றிலையும் ஈரச் சேறும் கலந்த வாடை அடிக்க, இங்கே சுற்றுவட்டாரத்தில் கொடிக்காலே கிடையாதே என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு அவன் அடுத்ததைத் திறந்தான். நகலெடுத்த பழைய பக்கங்கள். மேலிருந்து கீழாக, கோடு கோடாக, சோம்பேறித்தனமாக இறங்கின. எழுதியவர் சுருளி, கால்நடை மருத்துவம், தொண்ணூற்றைந்து. அறுபது மாடுகள். அறுபதாவது, கொம்பொடிந்த பசு. உரிமையாளர் நல்லகாமன், வயது அறுபத்தொன்று. வீட்டில் இரண்டு பேர். மாட்டைக் கவனிப்பவர் என்ற இடத்தில் இரண்டாமவரின் பெயர் இருந்தது. கிரிதரன், இருபத்தொன்பது, மகன்.

முதல் ஆய்வேட்டுக்குத் திரும்பிப் போய்த் தன்விவரப் பக்கத்தைப் பார்த்தான். கிரிதரன் அப்போதும் இருபத்தொன்பதுதான்.

“என்ன கூத்துடா இது” என்று வாய்விட்டுச் சொன்னான். தன் குரலைக் கேட்டால் தெம்பு வரும் என்று பார்த்தான், வரவில்லை.

மூன்றாவது, ஹம்சவேணி எழுதியது, தொண்ணூற்றொன்பது. நூறாவது வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை படி அரிசி வேகிறது என்ற கணக்கு. சாப்பிடுபவர்கள் மூன்று பேர். நல்லகாமன், அறுபத்தொன்று. கிரிதரன், இருபத்தொன்பது, மகன். சுருளி, முப்பத்து மூன்று, மகன். நான்காவது, கோகுல்நாத் எழுதியது, இரண்டாயிரத்து நான்கு. அதன் கடைசிப் பக்கத்தில் பட்டியல் இல்லை, வீட்டின் வரைபடம் மட்டும். ஒரே நீளமான அறை. சன்னல் கிடையாது. சுவரோரமாக நான்கு சின்ன வட்டங்கள் போட்டுப் பக்கத்தில் பெயர் எழுதியிருந்தது. நான்காவது வட்டம் ஹம்சவேணி, மகள். அதற்கு அப்பால் சுவர் இன்னும் நீண்டுகொண்டே போய், தாளின் ஓரத்தில் முடியாமல் நின்றது.

ஹம்சவேணியின் கேள்விப் படிவத்தில் மதுரை முகவரியும் பழைய ஆறிலக்கத் தொலைபேசி எண்ணும் இருந்தன. முன்னால் ஓர் இரண்டைச் சேர்த்து அடித்தான். எடுத்தவர் முதலில் உள்ளே யாரிடமோ சௌராஷ்டிர மொழியில் ஏதோ அதட்டினார், கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“ஹம்சவேணி மேடம் வீடுங்களா?”

“நான் அவ அண்ணன், வெங்கடரமணன். நீங்களும் பிஎச்.டி.யா?” என்றார் அவர். பதில் வருவதற்குள் அவரே கேட்டார். “ஒரு ஆளை நீங்களா எழுதிட்டீங்க, அதானே?”

செல்வக்குமார் எட்டி ஜன்னலைச் சாத்தினான்.

“எங்க ஹம்சாவும் அப்படித்தான். நூத்துக்கு ஒண்ணு கொறைஞ்சதுன்னு எழுதிட்டா. வைவாவுக்கு மொத நாள் சாயந்திரம், ‘அண்ணா, அந்த வீடு நெஜமாவே இருக்காம், ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்’னு கெளம்பினா. பத்து வருஷமாச்சு. அந்த ஊரையே சலிச்சுட்டோம், அப்படி ஒரு சந்தே கிடையாதுங்க.”

“நான் போகமாட்டேன் சார். சத்தியமா போகமாட்டேன்.”

“கோகுல்நாத்னு ஒரு பையன் பேசினான். அவனும் இதையேதான் சொன்னான்” என்றார் அவர். அதற்குமேல் பேசப் பிடிக்காதவர்போல வைத்துவிட்டார்.

போகாவிட்டால் போயிற்று. யார் கையைப் பிடித்து இழுக்கப் போகிறார்கள்? வாசல் கதவைத் தாழிட்டான், பின்கதவையும் தாழிட்டான். பிறகுதான் அந்த யோசனை வந்தது. படிவத்தைக் கிழித்து எரித்துவிட்டால்? நாளைக்கு நூற்றுப் பத்தொன்பதுதான் என்று சொல்லிவிடலாம், திட்டினால் திட்டட்டும், வேலை போனாலும் போகட்டும், சனியன் விட்டது. பீரோவிலிருந்து படிவக் கட்டை இறக்கி, சணலை அறுத்து, கடைசிப் படிவத்தை உருவினான். தாள் ஈரமாக இருந்தது. வெற்றிலை வாடை அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

குடும்ப உறுப்பினர் அட்டவணையில் அவன் நிரப்பியது ஒரே ஒரு வரி. இப்போது அது நிறைந்திருந்தது. நல்லகாமன். கிரிதரன், மகன். சுருளி, மகன். ஹம்சவேணி, மகள். கோகுல்நாத், மகன். எல்லாம் இவனுடைய கையெழுத்து. ‘ன்’ போடும்போது இவன் வைக்கிற அந்த அசட்டுச் சுழி உட்பட. ஆறாவது வரியில் உறவு ‘மகன்’ என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை.

ஏழாவது வரி, பாண்டீஸ்வரி, முப்பத்தொன்று, மருமகள்.

எட்டாவது வரி, முத்துத்தாய், ஆறு, பேத்தி.

மை காயவில்லை. கட்டை விரல் பட்டதும் மகளின் பெயர் இழுவிக்கொண்டு போயிற்று.

பாண்டீஸ்வரியின் செல்லுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுடி. எடு தாயி. எடுத்தாள்.

“என்னங்க, உங்களுக்குத்தான் பண்ணணும்னு இருந்தேன்” என்று சிரித்தாள் பாண்டீஸ்வரி. “காதுகுத்துக்கு ஒரு பெரியவரு வந்தாருங்க. ‘செல்வக்குமாரு எனக்கு மகன் மாதிரி, என்னையப் பத்தி எழுதியிருக்கு’ன்னு ஒரே பெருமை. கையோட வீட்டுக்குக் கூட்டியாந்துட்டாரு. பாப்பா அவரு மடிய விட்டு எறங்க மாட்டேங்கிறா.”

“பாண்டி, பேசாத. பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வா. இப்பவே வா.”

“ஏன் இப்படிக் கத்துறீங்க? எல போட்டாச்சுங்க. எம்புட்டுச் சனம் இந்த வீட்டுல! படிச்சவங்களா இருக்காங்க, ஒருத்தரும் நிமுந்து பாக்க மாட்டேங்கிறாங்க.” அவள் குரலுக்குப் பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது. நிறையத் தாள்கள், மெதுவாக, ஒரே சீராக. அவள் மறுபடி பேசியபோது சிரிப்பு இல்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் குரலாக இருந்தது. “நீங்க வாங்க. ஆளு ஒண்ணு கொறையுதாம்.”

வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தான். அப்படியொரு எண்ணே இல்லை என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது.

யார் போகாமல் இருப்பார்கள்? சொல்லுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல், தேனூர் வழியாக அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரையும் அவன் எப்படிக் கடந்தான் என்று அவனுக்கே தெரியாது. வயல்களின்மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தென்னந்தோப்பைத் தாண்டி, அகத்தி மரங்கள் நெருக்கமாக நின்ற கொடிக்கால்கள் வந்தன. போன வருஷம் இந்த வழியில் நூற்றுப் பத்தொன்பது வீடும் ஏறி இறங்கியவன் அவன், ஒவ்வொரு வேலியும் தெரியும். இரண்டு கொடிக்கால்களுக்கு நடுவே, வேலி இருந்த இடத்தில், ஒரு சந்து இருந்தது.

வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். உள்ளே போகப் போகக் குளிர்ந்தது. காலடியில் சேறு. இருபுறமும் வெற்றிலை, மேலேயும் வெற்றிலை, வானம் தெரியவில்லை. கொம்பொடிந்த பசு ஒன்று வழியில் நின்றது. அவனைப் பார்த்துவிட்டுத் தானாகவே ஒதுங்கி வழிவிட்டது. வீடு. கதவு திறந்திருந்தது.

நீளமான அறை. சன்னல் இல்லை. ஒரு விளக்கு.

சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஃபைல். கையில் பேனா. குனிந்த தலைகள். எழுதிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் பட்டுப்புடவை கட்டிய ஒருத்தியின் தலையில் மல்லிகை வாடாமல் இருந்தது. கடைசியில் பாண்டீஸ்வரி. அவள் மடியிலும் ஃபைல். அவளும் நிமிரவில்லை.

“பாண்டி.”

பேனா ஓடும் சத்தம்.

“பாண்டி, எந்திரி. வா.”

விளக்குக்கு முதுகு காட்டி, இருட்டாக, ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் பாப்பா. சோற்றை மென்றுகொண்டே வாசலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அவளுடைய சொந்தச் சிரிப்பு. அவளுடைய சொந்தக் குரல்.

“தாத்தா, எங்கப்பா வந்துட்டாரு.”

பிறகு வரிசையைப் பார்த்து, வீட்டுக்காரி தோரணையில் கையை ஆட்டினாள்.

“தள்ளி உக்காருங்க.”

எல்லோரும் நகர்ந்தார்கள். ஒரே நேரத்தில். தலை நிமிராமல், எழுதுவதை நிறுத்தாமல், ஒரு சாண், இன்னும் ஒரு சாண். பாண்டீஸ்வரிக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் திறந்தது. அந்த இடத்துச் சுண்ணாம்புச் சுவரில், வருஷக்கணக்காக யாரோ சாய்ந்து சாய்ந்து, எண்ணெய்த் தலையின் கறை கறுப்பாக ஏறியிருந்தது. அவன் உயரத்துக்கு.