கொலைகாரனை மறந்த மதியம்

ஆவுடையப்பனுக்குக் கொலைகாரன் யார் என்பது மறந்து பதினெட்டு நிமிடங்கள் ஆகியிருந்தன. விடைநீக்கிக் கருவியை ஒட்டியிருந்த இடத்தில் நெற்றி இன்னும் சில்லென்று இருந்தது. கையில் 'உப்பளத்தில் ஒரு கைக்கடிகாரம்'. முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் அவர் ஒரே மூச்சில் படித்து முடித்த நாவல்.

"நெசமாவே ஒண்ணும் நெனவில்லம்மா," என்றார் நூலகப் பரிந்துரை மேசையில் இருந்த ரெஜினாவிடம். "உப்பளத்துல ஒருத்தன் செத்துக் கெடக்கான். அதுவரைக்கும் தெரியுது. மேக்கொண்டு ஒரே இருட்டு."

"அப்பம் போய் உக்காந்து படிங்க அண்ணாச்சி. பன்னெண்டாம் அத்தியாயம் வரைக்கும் ஒருத்தரையும் நம்பிராதீங்க."

பாளையங்கோட்டைத் துப்பு நூலகத்துக்கு விடைநீக்கி வந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. மனிதன் வெகுநேரம் தவித்த ஒரு கேள்விக்கு விடை கிடைக்கும் நொடியில், மூளை அந்த விடையின் மேல் ஒரு முத்திரை குத்திவிடுகிறது: இது தெரிந்துவிட்டது, இனித் தேட வேண்டாம் என்று. அந்த முத்திரையைத் தேடிப் பிடித்துத் தளர்த்துவதுதான் கருவியின் வேலை. கதை மங்கலாக மிஞ்சும். கொன்றவன் பெயர் போய்விடும். நல்ல பழைய துப்பறியும் நாவல்கள் கூட்டிக் கழித்தால் நூறு தேறும். முன்பெல்லாம் ஆர்வமுள்ள வாசகனுக்கு முப்பது வயதுக்குள் அவை தீர்ந்துபோகும். இப்போது தீர்வதே இல்லை. அதனாலேயே புதிதாக எழுதுகிறவர்களும் அருகிப்போனார்கள்.

யாருக்குப் பூட்டிய அறை பிடிக்கும், யாருக்கு விஷம், யார் அமைதியான பாத்திரத்தைப் பார்த்து ஏமாறுவார்கள் என்பதெல்லாம் ரெஜினாவுக்கு அத்துப்படி. ரயில்வேயில் சிக்னல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பனுக்கு அவள் பரிந்துரைத்த நாற்பது நாவல்களையும் அவர் இரண்டு சுற்று முடித்துவிட்டார். இந்த ஒன்றை மட்டும் கேட்காமலேயே இருந்தார். காரணம், படிவத்தில் இருந்த ஒரு கேள்வி: 'இந்நூலை முதன்முதலில் முடித்தபோது எங்கே இருந்தீர்கள்?' மருத்துவமனை, நீதிமன்றம் என்று எழுதினால் கருவியைத் தரமாட்டார்கள். இந்த முறை அவர் 'வீட்டில்' என்று எழுதினார். ஒரு சின்னப் பொய்தானே.

மதியம் முழுக்கப் படித்தார். கணக்கப்பிள்ளையைச் சந்தேகித்தார், பிறகு டாக்டரை, பிறகு செத்தவனின் தங்கையை. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் கைக்கடிகாரம் கிணற்றுக்குள் அகப்பட்டபோது அவர் உள்ளங்கை வேர்த்தது. கதையின் பரபரப்பு என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் மூக்கில் பினாயில் வாசனை அடித்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையின் நடைவழி. மர பெஞ்சு. உள்ளே அறுவை மேசையில் ஏழு வயது மகள் பொற்கொடி, இதயத்தில் ஓட்டையோடு. இதே புத்தகம் கையில். கடைசிப் பக்கத்தில் அவர் கண் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார்.

டாக்டர் என்ன சொன்னார்?

அவர் புத்தகத்தை மூடினார். யோசித்தார். விடை இருக்க வேண்டிய இடம் வழித்துத் துடைத்தாற்போலிருந்தது. இரண்டு விடைகளும் ஒரே நிமிடத்தில் வந்தவை. கருவிக்கு இரண்டும் ஒரே முத்திரை.

பொற்கொடி பள்ளிக்கூடம் போனது நினைவிருந்தது. கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்ததும் நினைவிருந்தது. ஆனால் அவையெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பிழைத்துவிட்டால் இப்படியெல்லாம் நடக்கும் என்று தானே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தவையாக இருக்கலாமே. அப்படியில்லை என்று சொல்ல உள்ளே எதுவும் இல்லை.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து ரெஜினாவிடம் போனார்.

"எம்மா, எம் மக இருக்காளா?"

ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இதை எங்க வச்சுப் படிச்சீங்க? உள்ளதச் சொல்லுங்க."

"ஆஸ்பத்திரில."

அவள் திட்டவில்லை. பதிவேட்டில் பொற்கொடியின் எண்ணைத் தேடி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். ஆவுடையப்பன் அந்த மணியோசையைக் கேட்டபடி நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

"இன்னா பாருங்க, நம்பரு இருக்குல்லா. ஆளு இல்லாம நம்பரு இருக்குமா?"

"எம் பொண்டாட்டி நம்பரும் இருக்கு," என்றார் அவர். அவள் இறந்து ஆறு வருடம்.

ரெஜினா நூலகத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவரை ஆட்டோவில் ஏற்றினாள். பதிவேட்டின்படி பொற்கொடி கால்நடை மருத்துவர். மேலப்பாளையம் பக்கம் வேலை. மருத்துவமனை வாசலில் இறங்கியதும் உள்ளே போகத் துணியாமல் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும்மா. நான் இங்கன நிக்கேன்."

ரெஜினா இரண்டடி வைப்பதற்குள் கொட்டகையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். முழங்கைவரை கையுறை, அதெல்லாம் ரத்தமும் கோழையும். நாற்பத்தொரு வயது, காதோரம் நரை. "வயித்துக்குள்ள கன்னு பொரண்டு கெடந்துது, இழுத்துப் போடுததுக்குள்ள எனக்கு உயிரு போயிட்டு," என்று உள்ளே யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தவள் அவரைப் பார்த்து நின்றாள். "அப்பா? இங்க எப்படி வந்தீங்க?"

ஆவுடையப்பன் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகளின் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

"பொழச்சிட்டியாட்டி," என்றார். "பொழச்சிட்டா."

கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அவள் அவர் பக்கத்தில் குந்தினாள். நடந்ததை ரெஜினா சொன்னாள்.

அன்று ராத்திரி அவர் ஐந்து தோசை சாப்பிட்டார். மறுநாள் பாளையங்கோட்டையே அழகாக இருந்தது. கோர்ட் மைதானத்தில் காலை நடை வந்தவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னார். சொல்லும்போதே நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் மறுபடி இறங்கியது. ஆனால் சொல்லச் சொல்லக் கல்லின் கனம் குறைந்துகொண்டே வந்தது. பத்தாவது நாள் அது வெறும் கதையாகிவிட்டது. பொற்கொடி போன் செய்தபோது, "சரி சரி, அப்புறம் பேசுதேன்" என்று பழையபடி வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் அவர் நூலகத்துக்கு வந்து அதே புத்தகத்தைக் கேட்டார். விடைநீக்கியையும் கேட்டார்.

"கொலைகாரன் யாருன்னு அதுக்குள்ள படிச்சிட்டீங்களா?" என்றாள் ரெஜினா.

"கடைசி அத்தியாயம் நான் இன்னும் தொடவே இல்லியே."

"பெறவு எதை நீக்கணும்?"

அவர் சுவரைப் பார்த்தார். ரெஜினாவுக்குப் புரிந்தது. அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பொற்கொடியை அழைத்தாள். அரை மணியில் அவள் வந்தாள். வந்தவள் கோபப்படவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு உன்னப் பாத்தேன் பாரு," என்றார் அவர். "அந்த மாதிரி ஒரு நிமிசம் இனி எனக்குக் கெடைக்காதுட்டி. ஒரே ஒரு தடவ."

"எனக்கு அது ஏழு வயசுலயே முடிஞ்சிட்டுப்பா. தையல் போட்ட தடம்கூட மங்கிட்டு. உங்களுக்குச் சந்தோசம் வேணுங்கும்போதெல்லாம் நான் அந்த மேசைல போய்ப் படுக்கணுமா?"

ஆவுடையப்பன் புத்தகத்தைத் திறந்து, அங்கேயே, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்து முடித்தார். கொன்றவள் தங்கைதான். "மொதல்லயே நெனச்சேன்," என்றார். அவள் நம்பவில்லை. இருவரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். கதவருகே அவர் அவள் தோளில் கை வைத்ததை ரெஜினா பார்த்தாள், அப்பாடா என்றிருந்தது.

அந்த நிம்மதியோடு அவள் வரிசையை நிமிர்ந்து பார்த்தாள். வழக்கத்தைவிட நீளம். பாதிப் பேர் கோர்ட் மைதானத்தில் காலை நடை போகிறவர்கள். முதலில் நின்ற அம்மாள் படிவத்தை நீட்டினாள். நூலின் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது.

"எந்த நாவல் வேணும்மா?"

"எதுன்னாலும் சரி. புயல்ல எம் மவன் படகு கரை சேந்த அன்னைக்கு நான் எதப் படிச்சுக்கிட்டிருந்தேம்னு நெனவில்ல. நீங்களே ஒண்ணு பாத்துக் குடுங்க."

"மகன் இப்பம் எங்க இருக்காவ?"

"வெளிய கார்லதான் இருக்கான்," என்றாள் அந்த அம்மாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "உள்ள வான்னேன். நீ பாட்டுக்குப் போயிட்டு வான்னுட்டான்."