சலூன் சுவரில் காணாமல் போன படம்

காலை ஏழு மணிக்கு ஆணி மட்டும்தான் இருந்தது.

சலூனின் பின்சுவரில், காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே, புகையும் வருஷங்களும் படிந்து பழுத்துப்போன சுண்ணாம்புக்கு நடுவில் ஒரு சதுரம் பளிச்சென்று வெளுத்திருந்தது. அதற்கு வலது பக்கம் ஒரு காலண்டர் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"ராத்திரி கடையை மூடறப்ப படம் இருந்துச்சா, ஐயா?" என்று கேட்டாள் சர்வேயர்.

"இருந்துச்சு. துடைச்சு மாட்டிட்டுத்தான் மாடிக்குப் போனேன்" என்றார் முடிவெட்டும் பெரியவர்.

வார நாட்களில் அவள் இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயராக எரிந்த கடைகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பேட்டையின் பால்புதுமையினர் வரலாற்றை, ஆர்வமுள்ளவர்களைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போய்க் காட்டுபவள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் குடித்தனம் செய்த வீடுகள், திருநங்கைகள் கூடிய மொட்டைமாடி, போலீஸ் வந்தால் தப்பிக்கும் சந்து எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் வீட்டிலேயே ஒரு தோழி இருக்கிறாள். அக்கம்பக்கத்துக்கு மட்டும் 'சித்தி பொண்ணு'.

ஒன்பது மணிக்கு இன்றைய கூட்டம் இந்தச் சலூன் வாசலுக்கு வந்துவிடும். பெரியவரும் ஒரு பஸ் டிரைவரும் இந்த மாடியில் முப்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் 'அண்ணன் தம்பி' என்றார்கள். டிரைவர் இறந்து மூன்று வருஷம். இன்று முதல் முறையாகப் பெரியவர் அதை அந்நியர்கள் முன்னால் சொல்லப்போகிறார். நேற்று சாயங்காலம்தான் மனசு வந்து ஒப்புக்கொண்டிருந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற படம் அது ஒண்ணுதாம்மா. போன்லகூட யாரையும் எடுக்க விட்டதில்லை. அது இல்லாம நான் என்ன சொன்னாலும், கிழவன் கதை விடறான்னுதான் சொல்வாங்க."



பூட்டு உடையவில்லை. முன்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பின்கதவு மட்டும் பூட்டாமல் சாத்தியிருந்தது. அதன் சாவி வெளிப்பக்கம் நிலைக்கு மேலே, வழக்கமான இடத்தில்.

"சாவி அங்க இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

"பழைய ஆளுங்களுக்கு. கடை மூடினப்புறம் வர்றவங்களுக்கு."

"யார் யாரு?"

பெரியவர் சீப்பை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு, "இந்தக் கடையில பேர் சொல்றது இல்லம்மா. கேக்கறதும் இல்ல. அப்படி இருந்ததாலதான் வந்தாங்க" என்றார்.

தெரிந்துகொண்டே சொல்ல மறுக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இன்சூரன்ஸில் பழகியவளுக்கு இது புதுசு. அங்கே தெரியாதவன்தான் நிறையச் சொல்வான்.

முதல் சந்தேகம் டிரைவரின் அக்கா மகன் மேல். இரண்டு கடை தள்ளி டயர்க் கடை வைத்திருக்கிறான். நேற்று சாயங்காலம் பெரியவர் படத்தைக் கழற்றி வாசலில் எல்லோருக்கும் காட்டியபோது, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினவன்.

"ஆமா, கத்தினேன். மாமா போய்ச் சேந்தாச்சு. இப்ப ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டணுமா?"

"படத்தை எடுத்தீங்களா?"

"எடுத்திருந்தா அங்கயே போட்டு உடைச்சிருப்பேன். சொல்லிட்டே உடைச்சிருப்பேன்."

"மாமா படத்துல எங்க நிக்கிறார்?"

"வலது பக்கம். பல்லைக் காட்டிக்கிட்டு." அவன் ஒரு டயரைக் காலால் தள்ளினான். "எங்க வீட்டுல அந்த ஆளு ஒரு நாள் சிரிச்சதில்ல. அதான் எரியுது."

அவன் சொன்னது சரி. டிரைவர் வலது பக்கம், பெரியவர் இடது பக்கம், இடது ஓரத்தில் பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருட்டை முடி இளைஞன் ஒருவன். அவளுக்கும் அப்படித்தான் ஞாபகம்.

அடுத்து குடியிருப்போர் சங்கத் தலைவர். தெருமுனையில் பந்தல் போட்டு, மைக் டெஸ்டிங் செய்துகொண்டிருந்தார். வரவேற்புரை அவருடையது. குழாய் உடைந்தாலும் உரையாற்றுவார், ஒட்டினாலும் உரையாற்றுவார். அவர் தொண்டையைச் செருமினால் அனுபவசாலிகள் உட்கார இடம் தேடுவார்கள்.

"என்ன கொடுமை மேடம்! அந்தக் கடைக்குள்ள நான் கால் வச்சதே கிடையாது. எனக்குச் சம்பந்தமில்லைன்னாலும், ஒரு நடுநிலையாளனா இதை வன்மையா கண்டிக்கிறேன். போலீஸ்ல புகார் குடுங்க, அடையாளம் நானே சொல்றேன். உயரமா டிரைவர், இடது பக்கம். பக்கத்துல சலூன்காரர். வலது ஓரத்துல ஏதோ ஒரு பையன். நேத்துதான் முதல் தடவையா பாத்தேன்."

வயதான மனிதர், இடம் வலம் குழம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் சலூனுக்குத் திரும்பினாள்.

பெரியவர் டீ வாங்கப் போயிருந்தார். கால் வலிக்கவே, முடிவெட்டும் நாற்காலியில் சாய்ந்தாள். எதிரே சுவரகலக் கண்ணாடி. அதில் அவள் தலைக்குப் பின்னால் அந்த வெளுத்த சதுரம் தெரிந்தது. அதற்கு இடது பக்கம் காலண்டர் படபடத்தது.

இடது பக்கம்.

அவள் எழுந்து திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே இருக்கும் படம் அங்கிருந்து தெரியவே தெரியாது. பிறகு மறுபடி தெருமுனைக்கு நடந்தாள். இந்தத் தடவை மெதுவாக.

"சார், மைக்கை அணைச்சிடுங்க. இது நமக்குள்ள."

அணைத்தார்.

"டிரைவர் வலது பக்கம் நிக்கிறார்."

"ஞாபகப் பிசகு மேடம்."

"பிசகு இல்ல. நீங்க பாத்த இடத்துலேருந்து அவர் இடது பக்கம்தான். நேத்து ஐயா படத்தைக் காட்டினப்ப நாங்க எல்லாரும் நேரா பாத்தோம். நீங்க மட்டும் தெருவைப் பாத்துத் திரும்பி போன்ல பேசிக்கிட்டிருந்தீங்க. இப்பதான் ஞாபகம் வருது. அப்ப எங்க பாத்தீங்க? அந்தப் படம் இடம் வலமா மாறித் தெரியற இடம் ஒண்ணே ஒண்ணுதான். அந்த நாற்காலி, கண்ணாடிக்கு எதிர்ல. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல சார். மனசுல அப்படியே பதிஞ்சு போற அளவுக்கு அங்க உக்காந்திருக்கீங்க. கடை மூடினப்புறம், பின்பக்கமா வந்து."

தலைவருடைய கையிலிருந்த வரவேற்புரை, பக்கம் பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்தது. இரண்டு பேருமே குனியவில்லை.

"ராத்திரி படத்தைக் கையில எடுத்தப்பகூடவா நேரா பாக்கல?"

"லைட்டைப் போடல. துண்டுல சுத்தினேன்." அவர் குரல் மைக் இல்லாமல் மிகச் சின்னதாக இருந்தது. "இப்பவும் பீரோவுல அப்படியே இருக்கு. பாக்கத் தைரியம் வரல."

"அந்தச் சுருட்டை முடி நீங்கதானே?"

"இன்னிக்கு என் பொண்ணு வர்றா. பேத்தியைக் கூட்டிக்கிட்டு."

"யாருக்கும் அடையாளம் தெரியாது சார். எத்தனை வருஷம் ஆச்சு!"

"எனக்குத் தெரியுமே."

அவள் வீட்டிலிருக்கும் 'சித்தி பொண்ணு' நினைவுக்கு வந்தாள். கோபப்படத்தான் வந்திருந்தாள். அது எங்கோ தொலைந்துவிட்டது.

"நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. அவரும் சொல்ல மாட்டார், அவருக்குக் காலையிலேயே தெரியும். ஆனா அவர்கிட்ட வேற படம் கிடையாது. கூட்டம் வர்றதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

ஒன்பது மணிக்குக் கூட்டம் வந்தது. பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் படம். துண்டை விரித்து அதன்மேல் வைத்திருந்தார்.

"இவர் பஸ் ஓட்டினார். நான் முடி வெட்டினேன்" என்று தொடங்கினார். "ஊருக்கு அண்ணன் தம்பின்னு சொன்னோம். அது இல்ல. நாங்க குடும்பம் நடத்தினோம். சண்டை போட்டோம், சமைச்சோம். இவர் படுத்தப்ப நான் பாத்துக்கிட்டேன். ஆஸ்பத்திரியில உறவு என்னன்னு கேட்டாங்க. அன்னிக்குச் சொல்லல. இப்ப சொல்றேன்."

டயர்க் கடை வாசலில் மருமகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளே போகவில்லை.

கூட்டத்தில் ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஓரத்துல மூணாவதா நிக்கிறது யாரு, தாத்தா?" என்று கேட்டாள்.

பெரியவர் குனிந்து, படத்துக்கு அடியிலிருந்த துண்டின் மடிப்பை நீவினார். சர்வேயர் அடுத்த தெருவுக்குக் கூட்டத்தைத் திருப்பலாமா என்று யோசித்தாள்.

பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பழகியவர்கள் பெருமூச்சு விட்டார்கள். தலைவரின் மகள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள், எப்படியும் அரை மணி நேரம் ஆகும் என்று.

"நான்" என்றார் தலைவர்.

அதற்கு மேல் எதுவும் வரவில்லை. மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

பெரியவர் தலையைத் தூக்கினார்.

"எத்தனை வருஷம் ஓரத்துலயே நிப்ப?" என்றார். "வா, முன்னாடி வா."