இடது ஓரத்துப் பச்சை

டெலிபோன் அலறியது.

"அக்கா... நான் யாவோர். போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன். பொகொமிலை நான்தான் கொன்னேன்கிறாங்க."



ப்ளோவ்திவ் நகரத்தின் அந்தச் சின்ன டி.வி. நிலையத்தில் ரலிட்சா காமிரா இன்ஜினியர். தம்பி அங்கேயே டிரைவர். முதலாளி பொகொமில் நேற்று முற்றத்தில் கழுத்து நெரிபட்டுக் கிடந்தார்.

"எதை வச்சுச் சொல்றாங்க?"

"வீடியோல பச்சைக் கோட் தெரியுதாம். என் கோட்டைப் பிடுங்கிட்டாங்க. நீ குத்திவிட்ட மார்தெனிட்சாவையும் கழட்டிட்டாங்க. நாரையைப் பாக்கறதுக்கு முன்னாடி கழட்டினா ஆகாதுன்னேன்... சிரிக்கிறாங்கக்கா."

மார்ச் முதல் தேதி அந்தச் சிவப்பு வெள்ளை நூல் முடிச்சை அவன் நெஞ்சில் குத்தியது அவள்தான். வசந்தத்தின் முதல் நாரை கண்ணில் படும்வரை அதைக் கழற்றக்கூடாது என்பது அந்த ஊர் நம்பிக்கை.

எடிட்டிங் அறைக்கு ஓடினாள். இன்ஸ்பெக்டர் ஸ்லாதெவ் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க மேடம். நிகழ்ச்சிக்காக முற்றத்துல நிறுத்தின காமிரா. ஓடிட்டே இருந்திருக்கு. கொலைகாரன் கழுத்துக்கு மேல படத்துல இல்லை. ஆனா கோட் பச்சை."

ரலிட்சா கோட்டைப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"சார்... அது வெள்ளைச் சுவர். இடது ஓரம் பச்சையா இருக்கு, வலது பக்கம் ரோஸ். லென்ஸ் மாத்தினா வெள்ளை அட்டையைக் காட்டி ஷேடிங்கைச் சரி பண்ணணும். இல்லைன்னா இப்படித்தான் ஓரத்துல நிறம் அடிக்கும்."

"மாத்தினது யாரு?"

"நான்தான்." வாசலில் அவள் கணவன் மோம்சில். காமிராமேன். "ஷேடிங்கை மறந்துட்டேன்."

நேற்றுக் காலை வேறு மாதிரி சொன்னானே... 'ஷேடிங்கை நான் பண்ணிட்டேன், நீ போய் காபி குடி' என்றானே.

பொகொமில் அவனை வேலையைவிட்டுத் தூக்குவதாக மிரட்டிக்கொண்டிருந்தார். பயத்தில் மறைத்திருப்பான் என்று விட்டுவிட்டாள். "படத்தைத் திருத்திப் பாத்துடறேன் சார்," என்றாள்.

"விட்டுடு ரலிட்சா. திருத்தின படமெல்லாம் கோர்ட்ல நிக்காது. நல்ல வக்கீலாப் பாப்போம்."

"என் தம்பி உள்ளே கிடக்கான் மோம்சில்."

அதே காமிரா. அதே லென்ஸ். வெள்ளை அட்டையில் சீராக வெளிச்சம் பாய்ச்சி, படம் முழுக்க அதையே நிரப்பினாள். இடது பச்சை, வலது ரோஸ்... அதே கறை. அந்தக் கறையை மட்டும் நேற்றைய படத்திலிருந்து கழித்தாள்.

சுவர் வெளுத்தது.

கோட்... சாம்பல்!

"உங்க தம்பி தப்பிச்சார் மேடம்," என்றார் ஸ்லாதெவ்.

ரலிட்சா அழுதேவிட்டாள்.

"இருங்க... கோட் திறந்திருக்கு, உள்ளே நெஞ்சுல என்னமோ தொங்குது." அவர் படத்தைப் பெரிதாக்கினார்.

சிவப்பு நூல். வெள்ளை நூல். இதுவரை பச்சையில் முழுகிக் கிடந்த ஒரு மஞ்சள் பொத்தான்.

நூல் தீர்ந்துபோனதால் பொத்தான் வைத்து அவள் ஒப்பேற்றிய மார்தெனிட்சா ஒன்றே ஒன்றுதான். தம்பிக்கு அல்ல.

மோம்சில் ஷேடிங்கை மறக்கவில்லை. யாவோரின் கோட் நிறம் தெரியும். எந்த ஓரம் பச்சை அடிக்கும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் அந்த ஓரத்தில் நடந்திருக்கிறான்.

அவள் கை தானாகப் பழைய படத்துக்குத் திரும்பும் பட்டனைத் தேடியது. ஸ்லாதெவ் அந்தக் கையைப் பிடித்தார்.

"பாத்தாச்சு மேடம்."

தம்பியா, கணவனா என்று யோசிக்கக்கூட அவளுக்கு யாரும் நேரம் தரவில்லை. தேம்பத்தான் முடிந்தது.

ஸ்லாதெவ் மெதுவாகத் திரும்பினார். மோம்சிலின் ஸ்வெட்டரில் அதே மஞ்சள் பொத்தான்.

"இவ்வளவு திட்டம் போட்ட ஆளு... கொலை பண்ணப் போறப்பவாவது இதைக் கழட்டி வச்சிருக்கக் கூடாதா?"

மோம்சில் மனைவியைப் பார்த்தான்.

"நாரையைப் பாக்கறதுக்கு முன்னாடி கழட்டினா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு சொன்னதே இவதான் சார்."