வேம்புலி தூக்கி வந்த ஆள்

1944. ஆடி மாதத்து மத்தியானம். ஆவடிக்குப் பக்கத்தில், கோவில்பதாகை ஏரியை ஒட்டி ஒரு பழைய செங்கல் கிடங்கு. பட்டாளத்து முகாம்களின் குடிநீரைச் சுத்தம் செய்ய வேண்டிய குளோரின் சிலிண்டர்களை ஒரு காண்டிராக்டர் அதில் அடுக்கி வைத்திருந்தார். அவற்றில் ஒன்று கசிகிறதென்று தகவல் வந்ததும் நாங்கள் தீயணைப்பு வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். வண்டிக்குத் தலைவன் நான், எட்மண்ட். என்னோடு வந்தவர்களில் பலசாலி வேம்புலி.

வண்டி நிற்பதற்கு முன்பே நெடி மூக்கில் ஏறியது. பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குள் தலையை விட்ட மாதிரி. கிடங்கின் கதவுக்குக் கீழே மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு புகை, மேலே எழும்பாமல், தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. குளோரின் காற்றைவிடக் கனம். பள்ளம் தேடி இறங்கும். பயந்துபோய் வாய்க்காலுக்குள் பதுங்கியிருந்த ஜனங்களை முதலில் மேட்டுக்கு, காற்று வரும் பக்கத்துக்கு விரட்டினோம்.

கிடங்கு மேஸ்திரி மணவாளன் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ள ஆள் யாராவது இருக்காங்களா?" என்றேன்.

"யாரும் இல்லீங்க." நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. "பின்னால ஒரு ரூம்பு கீது. அதுலயும் யாரும் இல்ல. அங்க போவ வேணாம்."

நான் பின்னறையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மேட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடிவந்தாள். பூங்காவனம் என்று பேர் சொன்னாள்.

"அண்ணாத்தே, எங்கக்கா கன்னியம்மா இங்கதான் பெருக்கிக்கினு இருந்துச்சு. போன மாசம் எவங்கூடவோ ஓடிப்பூட்ச்சுன்னு இந்த மேஸ்திரி சொல்றாரு. பால் குடிக்கிற கொயந்தைய உட்டுட்டு எங்கக்கா ஓடுமா?"

"கசியற நேரத்துல இன்னா பேச்சு? தள்ளிப் போம்மா!" என்று மணவாளன் சீறினார். துண்டுக்கு மேலே அவர் கண்கள் அந்தக் கதவை விட்டு நகரவில்லை.

எங்களிடம் ஒரே ஒரு மூச்சுக்கருவிதான் சரியாக இருந்தது. அதை வேம்புலி மாட்டிக்கொண்டான். வாயில் குழாயைக் கவ்விய பிறகு பேச முடியாது. அதனால் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு இழுப்பு என்றால் வேலை முடிந்தது. இரண்டு இழுப்பு என்றால் ஆள் கிடைத்தது.

"சிலிண்டர் மேல தண்ணி படக் கூடாது, ஓட்டை பெருசாயிடும். ஓட்டை மேல் பக்கம் வர்ற மாதிரி உருட்டு. அப்புறம் வால்வை இறுக்கு," என்றேன். தலையாட்டிவிட்டு அவன் புகைக்குள் போனான். மற்றவர்கள் வெளியே வந்த புகையின்மேல் தூறல் மாதிரி தண்ணீர் அடித்தார்கள்.

உள்ளே இரும்பு உருளும் ஓசை. பிறகு, அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சீறல் மெல்ல அடங்கியது.

கயிறு ஒரு முறை இழுபட்டது.

அவன் திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் கயிறு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கிடங்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். உள்ளங்கையால் கதவைத் தட்டுகிற சத்தம். தட்டித் தட்டி ஓய்ந்துபோகிற சத்தம்.

"காத்துங்க," என்றார் மணவாளன். அவரை யாரும் கேட்கவில்லை.

கயிறு இரண்டு முறை இழுபட்டது.

நான் கயிற்றைச் சுருட்டச் சுருட்ட, வேம்புலி வெளியே வந்தான். முதுகு வளைந்து, முழங்கால் நடுங்க, தோளில் பெரும் சுமையோடு நடக்கிறவன் நடை. ஒரு கையால் தோள்மேல் எதையோ அணைத்துப் பிடித்திருந்தான்.

தோளில் ஒன்றும் இல்லை.

தரையில் விரித்திருந்த ஈரச் சாக்கின்மேல் குனிந்து, மெதுவாக, தலை இடிக்காமல் இறக்கினான். மூச்சுக்கருவியைக் கழற்றினான்.

"சீக்கிரம் தண்ணி குடு சார். மூச்சு கீது. வழியெல்லாம் காதாண்ட இருமிக்கினே வந்துச்சு."

"யாருடா?" என்றேன்.

"புகையில மூஞ்சி தெரில சார். யாரோ ஒரு ஆளு..." கீழே பார்த்தான். பேச்சு நின்றது.

சாக்கில் ஆள் இல்லை. ஆனால் படுத்த ஆளின் கனத்தில் அமுங்குவது மாதிரி, அது நடுவில் அமுங்கிக்கொண்டிருந்தது.

மணவாளனின் குரல்தான் கேட்டது.

"அவ... அவ எதனா சொன்னாளா?"

பெண் என்று வேம்புலி சொல்லவில்லை.

பூங்காவனத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் விலக்கக்கூட இல்லை; சாக்கைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் அவர் வாயிலிருந்தே வந்தது. போன மாதமும் ஒரு சிலிண்டர் கசிந்திருக்கிறது. புகை தன் பக்கம் வராமலிருக்க, பின்னறையில் பெருக்கிக்கொண்டிருந்தவளோடு சேர்த்துக் கதவைப் பூட்டியிருக்கிறார். தட்டத் தட்டத் திறக்கவில்லை. விஷயம் தெரிந்தால் காண்டிராக்ட் போய்விடுமென்று ராத்திரியோடு ராத்திரியாக பிணத்தை ஏரிக்கரையில் புதைத்துவிட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் போலீஸ் வந்து தோண்டியது. பூங்காவனம் தன் அக்காவை அவள் கைவளையலைப் பார்த்து அடையாளம் சொன்னாள். மறுநாள் முறைப்படி சடங்கெல்லாம் செய்தார்கள். மணவாளன் ஜெயிலுக்குப் போனார்.

நெடி அடங்கியதும் நான் உள்ளே போய்ப் பார்த்தேன். "கதவு தொறந்துதான் இருந்துச்சு சார்," என்று வேம்புலி சத்தியம் செய்திருந்தான்.

பின்னறைப் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. துருவின்மேல் ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை.

ஐப்பசியில் எங்கள் படைக்கு வைத்தியப் பரிசோதனை நடந்தது. வேம்புலி எடை பார்க்கும் மேடையில் ஏறினான். அடுத்து ஏற வேண்டிய நான் தள்ளி நின்றேன். அறையில் வேறு யாரும் இல்லை. டாக்டர் எங்கள் பக்கம் திரும்பாமல் முள்ளை மட்டும் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"ஒருத்தர் ஒருத்தரா ஏறுங்கப்பா. அந்த இன்னொரு ஆள் எறங்கு."

வேம்புலி கண்ணை மூடிக்கொண்டான்.

"அது எறங்காது சார்," என்றான்.