எச்சில் வட்டம்

தம்பி வாயைத் திறக்காமல் சிரித்தான். அவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான். சிரித்தால் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிகிறவன் அவன். பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் அவளே, "மூடிக்கடா, உனக்கெல்லாம் எக்ஸ்ரேவே வேண்டாம்" என்று கேலி செய்வாள். இன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கூட்டத்தின் பின்வரிசையில் நின்றுகொண்டு, உதட்டை இறுக்கிக் கன்னத்தை மட்டும் மேலே தூக்கிச் சிரித்தான்.

கண்ணாடி என்பது ஜனங்கள் வைத்த பேர். ஆளுயரத்துக்கும் மேலான வட்டத் திரை அது. பஸ் நிலையத்துக்கு எதிரே யாரோ ஒரு கலைஞர் செய்து நிறுத்தியிருந்தார். கடல் தாண்டிய இன்னொரு நகரத்திலும் இதேபோல ஒன்று. இங்கே நிற்பவர்கள் அங்கே தெரிவார்கள், அங்கே நிற்பவர்கள் இங்கே. சத்தம் மட்டும் வராது. தம்பிக்கு வேலை அந்த நகரத்தில்தான். போனில் முகம் மட்டும் தெரியும். இதில் செருப்பிலிருந்து தலைமுடி வரை முழு ஆளாகத் தெரிந்தான். அதனால் வேலை விட்டதும் கணவரோடு அங்கே போய் நிற்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. மருத்துவமனையில் ஆள் குறைந்துபோனதில் சில நாட்களாக அவளால் வர முடியவில்லை. கணவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவந்தார்.

வைத்த புதிதில் ஜனங்கள் கைகாட்டினார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். சத்தம் போகாது என்று தெரிந்தும் ஒரு பெரியவர் நின்று பாட்டுப் பாடினார். பிறகு ஒருநாள் எவனோ திரும்பி நின்று கால்சட்டையை இறக்கினான். கூட்டம் கைதட்டியது. அன்றைக்குப் பிடித்தது இந்த வெறி. மென்ற வாழைப்பழத்தை நாக்கில் வைத்து நீட்டினார்கள். மூக்கைச் சிந்திக் கண்ணாடியில் தடவினார்கள். யார் துப்புவது எதிராளியின் முகத்துக்கு நேராக விழுகிறது என்று பந்தயம் வேறு. மூடித் தொலையுங்கள் என்று சிலர் பேப்பரில் எழுதினார்கள். ஜனங்கள் செய்வதுதான் கலையே என்று சிலர் பதில் எழுதினார்கள்.

"மனுஷங்களா இவங்க? பாத்தாலே கொமட்டுது" என்று அப்போது சொன்னவர் அவள் கணவர். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கற்றுக்கொள்ள வந்தவர் பிடித்த ஸ்டீயரிங்கைத் துடைக்காமல் தொடமாட்டார்.

இன்று அவரே, முன்னால் நின்றவர்கள் துப்பத் துப்ப, ஒவ்வொன்றையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டிக்கொண்டு வந்தது. பஸ்களின் டீசல் புகைக்கு அடியில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாடை ஈரத்துணிபோல மூக்கில் ஒட்டியது: பல வருடம் சொத்தையாகவே விட்ட பல்லைப் பிடுங்கும்போது, சீழும் பழைய ரத்தமுமாகக் குழியிலிருந்து எழும்புகிற வாடை. யாருக்கு வாய் நாறுகிறது என்று சுற்றிலும் பார்த்தாள். ஆளில்லாத பக்கமாக முகத்தைத் திருப்பினாள், வாடை குறைந்தது. கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். அங்கிருந்துதான்.

அப்போதுதான் எச்சிலைக் கவனித்தாள். அது கீழே வழியவில்லை. கோழையும் நுரையும் மென்ற பழமுமாக, மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் வட்டத்தின் நடுவை நோக்கி நத்தைபோல ஊர்ந்தது. நடுவுக்குப் போனதும் காணாமல் போனது. அந்தப் பக்கம் நின்றவர்களின் தொண்டைகள் ஏறி இறங்கின. எல்லாத் தொண்டையும் ஒன்றாக.

"என்னங்க, வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"இரு. உன் தம்பி கூப்பிடறான் பாரு."

தம்பி முன்வரிசைக்கு வந்திருந்தான். ஒற்றை விரலை மடக்கி மடக்கிக் கூப்பிட்டான். கணவர் நடந்தார். அவள் போனை எடுத்தாள். மணி அடித்தது. கண்ணாடியில் தம்பியின் கைகள் இரண்டும் காலியாகத் தொங்கின.

"சொல்லுக்கா" என்றது போன்.

"எங்கடா இருக்க?"

"ரூம்ல. துணி மடிச்சிட்டிருக்கேன். ஏன், என்னாச்சு?"

"கண்ணாடி முன்னாடி இல்லியா நீ?"

"அதத்தான் எடுத்துட்டாங்களேக்கா, மாமாகிட்டகூடச் சொன்னேனே. உங்க ஊர்க்காரங்க பண்ணின அசிங்கம் தாங்காம கழட்டி லாரில ஏத்திட்டாங்க. அந்த எடத்துல இப்ப வெறும் பள்ளம்தான்."

அவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடியில் தம்பியின் உருவில் நின்றது வாயைத் திறந்தது. பல் இல்லை. நாக்கு இல்லை. உதட்டிலிருந்து தொண்டை வரைக்கும் வெறும் ஈறு. ஈரமாக, வெளிர்சிவப்பாக, உள்ளே போகப் போக மடிப்பு மடிப்பாக. தினமும் ரத்தத்தையும் சீழையும் துடைத்தெடுத்து, அதே கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறவள் அவள். ஒரு நாளும் குமட்டியதில்லை. இப்போது குனிந்து, நடைபாதையிலேயே வாந்தியெடுத்தாள்.

நிமிர்ந்தபோது கூச்சலில்லை. சிரிப்பில்லை. துப்பியவர்கள் அத்தனை பேரும் கண்ணாடியோடு வாயை வைத்து நின்றார்கள். போலீஸ்காரர். பூக்காரம்மா. பள்ளிச் சீருடையில் இரண்டு பேர். சப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

நடுவில் கணவர்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அவருடைய தொண்டையில் முட்டை அளவுக்கு ஒரு கட்டி இறங்கியது. பிறகு இன்னொன்று. அந்தப் பக்கம் தம்பியின் கன்னம் ஒட்டிப்போனது. கண் உள்ளே போனது. மார்பு சப்பையானது. கடைசியில் நனைந்த துணிபோல, மனித உருவத்தில் ஒரு தோல் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக.

கையிலிருந்த போன், "அக்கா? லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒவ்வொருவராகக் கண்ணாடியை விட்டுத் திரும்பினார்கள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். அவசரமில்லாமல், பையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு வரிசையில் நின்றார்கள்.

கணவரும் திரும்பினார். அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். கைகள் வெதுவெதுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தன.

"அக்கா" என்றார்.

அவர் தொண்டைக்குள் இறங்கிய கட்டி மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.