முதலில் பறந்த பறவை

“யாருங்க இது, பலகையில கிறுக்கினது?”

மழைக்குச் சிற்றாலய வாசலில் ஒதுங்கியிருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்... ஆனால் அந்தக் கண்கள்! நனைந்த இமைகளுக்குள் சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்.

வாரமெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள். ஞாயிறு வேதபாட வகுப்புப் பிள்ளைகளுக்காக அந்தப் பலகையில் விடுகதை எழுதுவாள். அம்மா போன பிறகு, அவள் மனம்விட்டுப் பேசுவது அந்த நாலு வரியில்தான். இன்று அதன் கீழே கோணல்மாணலாய் ‘புறா’ என்றிருந்தது.

“தப்பா?” என்றான், ஒலிபெருக்கி மாட்ட வந்திருந்த அந்த மைக்செட்காரன்.

“அவசரக்குடுக்கை! முழுசாப் படிங்க.”

அவன் வாய்விட்டே படித்தான்.

“பேழையை விட்டு முதலில் பறந்தேன்,
போக்கும் வரவுமாய் நீர்மேல் திரிந்தேன்;
இலைகொண்டு வந்தவள் பேர்புகழ் பெற்றாள்,
என்னை நினைக்க யார் இங்கு உற்றார்?”

“அட... காக்கா!” அசடு வழிந்தான். “வெள்ளம் வடிஞ்சுதான்னு பார்க்க நோவா முதல்ல அனுப்பினது அதைத்தானே! இலை கொண்டுவந்த புறா அப்புறந்தான்.” பிறகு குரல் தாழ்ந்தது. “இத எழுதினவங்க ரொம்பத் தனியா இருப்பாங்க போல...”

சுருக்கென்றது அவளுக்கு. அண்ணியின் ‘ஐயோ பாவம்’ கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப்போன இடம் அது.

“பிள்ளைங்களுக்காக எழுதினது. மழை விட்டாச்சு, கிளம்புங்க.”

மழை விடவே இல்லை. அவன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நனைந்தபடியே நடந்தான்.

அதன்பின் ஞாயிறுகள் வந்தன, போயின. பிள்ளைகள் சரியான விடைகளை எழுதினார்கள். தப்பாய் எழுத ஒருவரும் வரவில்லை... வீட்டில் பேச்சுக்குரல் கேட்கட்டும் என்றே ரேடியோவைப் போட்டு வைப்பவள், இப்போது அதையும் அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றாள். ‘வாய்க்கொழுப்புடி உனக்கு... வந்த மனுஷனை விரட்டிட்டு யாரைப் பார்த்துட்டு நிக்கிற?’

ஒரு சாயங்காலம் அந்த ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு ரேடியோவும் ரிப்பேர் பார்க்கும் அவன் மைக்செட் கடைப்படி ஏறினாள். அவன் திருகாணிகளைக் கழற்றினான், உள்ளே பார்த்தான், புருவம் உயர்ந்தது.

“இது ரிப்பேர் இல்லீங்களே... யாரோ ஒயரைப் பிடுங்கி விட்டிருக்காங்க.”

அவள் காதுமடல் சூடேறியது. “நான்தான்.”

“ஏன்?”

“சும்மா வந்து நின்னா... என்னன்னு சொல்றது?”

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். “அன்னைக்கு உங்களப் பாவம்னு நெனச்சுச் சொல்லலீங்க. அந்தக் கடைசி வரியப் படிச்சதும், யாரோ என்னப் பத்தி எழுதின மாதிரி இருந்துச்சு. கடைய அடைச்சா, மறுநாள் திறக்குற வரைக்கும் எனக்குப் பேச்சுத்துணைன்னு ஒரு ஆளில்ல.”

“இத வந்து சொல்றதுக்கென்ன?”

“போன்னு சொன்னீங்களே...”

“போன்னா... போயிடறதா?”

கேட்டவளின் கண்கள் தளும்பின. துடைத்துக்கொள்ளவில்லை. “எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. போதுமா?”

ஊருக்கெல்லாம் மைக் கட்டுகிறவன் கிசுகிசுப்பாய்ச் சொன்னான்.

“எனக்கும்தான்... அந்த மழையிலேயே.” ரேடியோவை ஓரமாய் நகர்த்திவிட்டு, “இன்னொரு தடவை சொல்லுங்களேன்...”

“மாட்டேன்,” என்றாள். பிறகு சொன்னாள்.